முற்றத்தை மூடாதீர்கள்: வளவு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்



காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை என்று உங்கள் வீடு எந்த ஊரில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் கோலாலம்பூரில் இருந்துகொண்டு வாட்ஸாப்பில் பேசிக்கொள்கிறீர்கள்: வளவு முற்றத்துக்கு ஷீட் போட்டுவிடலாமா, பங்குக்கு எவ்வளவு வரும்? சில வீடுகளில் பேச்சும் முடிந்து வேலையும் முடிந்துவிட்டது. ஊரில் ஏதாவது ஒரு மாடியில் ஏறிப் பார்த்தால் நாட்டு ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே நீலமும் பச்சையுமாகப் பாலிகார்பனேட் பளபளக்கிறது.

நான் உங்களைப்போல நகரத்தார் இல்லை. இந்த ஊரில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்ட உரிமையில் எழுதுகிறேன்.

ஷீட் போட நீங்கள் சொல்லும் காரணங்கள் தெரியும். குரங்கு வருகிறது, புறா எச்சம், சாரல் அடித்து ஆத்தங்குடிக் கல் நிறம் மங்குகிறது, ஆளில்லாத வீட்டில் திருட்டுப் பயம். நாலும் நியாயம். ஆனால் நாலுக்கும் மருந்து ஷீட் இல்லை. பாரம்பரியம், கலாசாரம் என்று சொற்பொழிவு செய்யவும் வரவில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. அதைச் சொல்லி எந்தப் பங்காளியும் மனசு மாறியதாக நான் கேள்விப்படவில்லை. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் ‘அலைகள்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

முதலில் சத்தம்.

உங்கள் வளவின், அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் சேர்ந்த கூடத்தின், சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசி, முகம் தெரியும் அளவுக்கு இழைத்த சுவர். தரை கல் அல்லது ஆத்தங்குடித் தளம். தூண் பர்மாத் தேக்கு அல்லது கருங்கல். கண்ணுக்கு இதமான இவை எல்லாமே காதுக்குக் கண்ணாடி மாதிரி. வந்து மோதும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கைக்கூட இவை விழுங்குவது அரிது. மிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். அது எதிர்ச் சுவருக்குப் போகும், அங்கிருந்து மறுபடி வரும். முப்பது டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் ஓடுகிறது. பன்னிரண்டு மீட்டர் அகல வளவைக் குறுக்கே ஒரு நொடியில் இருபத்தொன்பது முறை கடந்துவிடும். ஒவ்வொரு முறையும் மூன்று பங்குதான் குறைகிறது என்றால், நீங்கள் சொன்ன ஒரு சொல் எப்போது சாகும்?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்துக்குப் புதிதாக ஒரு சொற்பொழிவு அரங்கம் கட்டினார்கள். அதில் யார் பேசினாலும் யாருக்கும் புரியவில்லை. பேசி முடித்த சொல் ஐந்தரை நொடி வரை சுற்றிக்கொண்டே இருந்தது. 1895-ல் இதைச் சரிசெய்யும் வேலை இளைஞரான சபைனிடம் வந்தது. பக்கத்து நாடக அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து பரப்புவார். ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். ஒவ்வொரு பொருளும் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்று ஒப்பிட அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்தது திறந்த சன்னல். திறந்த சன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது; அது நூற்றுக்கு நூறு விழுங்கி. கட்டட ஒலியியல் என்ற துறையே அந்தத் திறந்த சன்னலில்தான் தொடங்குகிறது.

உங்கள் முற்றம் என்பது கூரையில் வைத்த திறந்த சன்னல், ஆச்சி. அதுவும் சின்ன சன்னல் இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். வளவு இருபது மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம் என்று வையுங்கள். நடுவில் எட்டுக்கு ஆறு மீட்டர் முற்றம், அதாவது 48 சதுர மீட்டர் திறப்பு. சபைன் சூத்திரம் எளிது: அறையின் கனஅளவை 0.161-ஆல் பெருக்கி, அறை மொத்தமாக விழுங்கும் அளவால் வகுக்க வேண்டும். சுவர், தரை, கூரை, ஷீட் எல்லாம் நூற்றுக்கு அதே மூன்று பங்கு விழுங்குவதாக வைத்தால், முற்றம் திறந்திருக்கும்போது ஒலி அடங்க ஏறத்தாழ 2.7 நொடி ஆகிறது. ஷீட் போட்டு மூடினால் 8 நொடி. தோராயக் கணக்குதான்; தூணும் கதவும் அறை வாசலும் விடையைக் கொஞ்சம் மாற்றும். ஆனால் மூன்று மடங்கு வித்தியாசம் எங்கும் போய்விடாது.

ஆட்கள் வந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்பீர்கள். உண்மைதான். உடுத்திய துணியும் உடம்பும் ஒலியை விழுங்கும், ஆளுக்கு அரை சதுர மீட்டர் திறந்த சன்னல் அளவுக்குச் சற்றுக் குறைவாக. மூடிய வளவில் நூறு விருந்தாளிகளை உட்காரவைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டேன். விடை 2.8 நொடி. அதாவது நூறு பேரை அழைத்து உட்காரவைத்தும், ஆளே இல்லாத திறந்த வளவின் நிலைமைக்குத்தான் வந்து சேர்கிறீர்கள். முற்றம் திறந்திருந்து அதே நூறு பேரும் இருந்தால் 1.7 நொடி. நாதஸ்வரத்துக்கு அது பொன்னான அளவு.

மூடிய வளவில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். யார் வீடு என்று சொல்ல மாட்டேன். இசைகுடிமானம் என்ற கல்யாணப் பத்திரத்தை எழுதி வாசித்தபோது மைக் இருந்தது, இரண்டு பெரிய ஸ்பீக்கர் இருந்தது, ஒரு பெயர்கூட விளங்கவில்லை. உடனே ஒலிபெருக்கிக்காரரைக் கூப்பிட்டு இன்னும் கூட்டி வைக்கச் சொன்னார்கள். கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடியது. ஒலியின் அளவைக் கூட்டுவதால் ஒலி அடங்கும் நேரம் குறையாது. பேச்சு தெளிய வேண்டுமானால் முந்தைய அசை சாக வேண்டும், அடுத்த அசை அப்போதுதான் காதில் விழும். இரண்டு ஸ்பீக்கருக்குப் பதில் இரண்டு ஷீட்டைக் கழற்றியிருந்தால் போதும்.

தாளக் கருவிகளுக்கு இன்னும் மோசம். நம் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை கடத்தை நினைத்துப் பாருங்கள். கண்மாய்க் களிமண்ணைப் பிசைந்து, உள்ளே கல்லையும் வெளியே பலகையையும் கொடுத்துத் தட்டித் தட்டிச் சுவரைக் கெட்டிப்படுத்திச் சுடுகிறார்கள். சூளையிலிருந்து வந்தபின் அதன் சுருதியை மாற்ற முடியாது. மிருதங்கம்போல வாரைத் தட்டிச் சரிசெய்ய வழியில்லை. அதில் இரண்டு வகை ஒலி இருக்கிறது. விரல் நுனியால் சுவரைத் தட்டினால் மண் சுவரே அதிர்ந்து ‘டிண்’ என்கிறது. வாய்ப் பக்கம் உள்ளங்கையால் அடித்தால் உள்ளே அடைபட்ட காற்று அழுந்தி விரிந்து ‘கும்’ என்கிறது. வித்வான் கடத்தின் வாயைத் தன் வயிற்றில் ஒட்டியும் எடுத்தும் வாசிப்பது இந்தக் காற்றின் வழியை அடைத்துத் திறக்கத்தான். அதில்தான் ‘கும்’மின் சுருதி ஏறி இறங்குகிறது. துரித காலத்தில் இந்த அடிகள் நொடிக்கு எட்டு, பத்து என்று விழும். எட்டு நொடி சுற்றும் வளவில் எண்பது அடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் எது ‘டிண்’, எது ‘கும்’? மானாமதுரைக் குயவர் வீட்டு உழைப்பு முழுக்க உங்கள் ஷீட்டில் மோதிச் செத்துப்போகிறது.

தூண்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்குப் பிடித்த பகுதி இது. தவிலின் தொப்பி 100 ஹெர்ட்ஸில் முழங்கினால் அந்த அலையின் நீளம் மூன்றரை மீட்டர். உங்கள் தேக்குத் தூணின் கனம் ஓரடி. மூன்றரை மீட்டர் அலைக்கு ஓரடித் தூண் இருப்பதே தெரியாது. வளைந்து சுற்றிப் போய்விடும். ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகளின் சீறல் ஒலி ஐயாயிரம் ஹெர்ட்ஸைத் தொடும். அலைநீளம் ஏழு சென்டிமீட்டர். அதற்குத் தூண் பெரிய மறைப்பு. முகப்பிலிருந்து கொல்லை வரை வாசற்கால்களை ஒரே நேர்கோட்டில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள் அல்லவா? அந்தக் கோட்டில் நிற்பவருக்குச் சொல் கேட்கும். கோட்டை விட்டு விலகி நிற்பவருக்குத் தவில் மட்டும் கேட்கும். இரண்டாங்கட்டில் வேலையாக இருக்கும் பெண்கள் கெட்டிமேளம் கேட்டதும் திருப்பூட்டு ஆகிவிட்டதென்று அறிந்துகொள்வது இந்த அலைநீளத்தின் தயவு.

இனி வெளிச்சமும் வெக்கையும். இரண்டும் அலைதான்; நீளம் மட்டும் வேறு.

சூரியன் ஐயாயிரத்து எண்ணூறு கெல்வின் சூட்டில் எரிகிறது. அதனால் அதன் கதிர் மிகுதியாக இருப்பது அரை மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், நம் கண் பார்க்கும் இடத்தில். வெயில் பட்டுச் சூடான முற்றத்துத் தரையும் கதிரை வீசுகிறது, ஆனால் அது சுமார் முந்நூறு கெல்வின் சூடுதான். அதன் கதிர் பத்து மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். பாலிகார்பனேட் ஷீட் அரை மைக்ரோமீட்டர் அலையை உள்ளே விடும். பத்து மைக்ரோமீட்டர் அலையை வெளியே விடாது. உள்ளே வந்த வெயில் திரும்பிப் போக முடியாமல் வீட்டோடு தங்கிவிடும். சூடாகி மேலே ஏறும் காற்றும் முற்றத்தின் வழியே வெளியேறாமல் ஷீட்டில் முட்டி நிற்கும். மேலே காற்று வெளியேறினால்தான் முகப்பு வாசலிலும் கொல்லை வாசலிலும் புதுக் காற்று உள்ளே நுழையும். மேலே அடைத்தால் கீழேயும் அடைபட்டது.

உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட். 48 சதுர மீட்டர் முற்றத்தில் முக்கால் பங்கு வெயில் ஷீட்டைத் தாண்டி இறங்கினால் 36 கிலோவாட் வெப்பம். ஒரு டன் ஏசி என்பது மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் சக்தி. ஆக, அந்த நேரத்தில் வளவுக்குள் இறங்குவதைச் சமாளிக்கப் பத்து டன் ஏசி. நீல ஷீட் போட்டால் கொஞ்சம் குறையும். ஆனால் ஷீட்டே கொதித்துத் தலைக்கு மேல் அனல் வீசும். திறந்த முற்றத்திலும் அதே வெயில்தானே விழுகிறது என்று கேட்கலாம். விழுகிறது, போய்விடுகிறது. மேகமில்லாத இரவில் வானம் தரையைவிட வெகுவாகக் குளிர்ந்தது. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் வானத்துக்குக் கொடுத்துவிடும். விடியற்காலையில் முற்றத்துக் கல்லில் வெறுங்காலை வைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதே வெயிலை உங்களுக்குச் சம்பாதித்துத் தரும் இடத்தில் நிறுத்தலாம். பல பங்காளிகள் சோலார் பற்றி விசாரிக்கிறீர்கள், நல்லது. அதிலும் ஒரு ஆபத்தான யோசனை உலவுகிறது: முற்றத்தின் மேலேயே பேனல் போட்டுவிட்டால் கூரையும் ஆச்சு, கரண்டும் ஆச்சு என்று. அப்படிச் செய்தால் சத்தம் கெடுவதோடு வெளிச்சமும் போய்விடும். வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்கு வெளிச்சம் வரும் வழி அந்த முற்றம் ஒன்றுதான். நாட்டு ஓட்டின் மேலும் வேண்டாம்; அடுக்கடுக்காக வேய்ந்த ஓடு, கால் ஊன்ற இடமில்லை, ஆடி மாதக் காற்றில் பேனல் மேலே எழும்பப் பார்க்கும். கொல்லைப்புறத்து மொட்டை மாடி, கார் கொட்டகையின் தளம், பின்கட்டுக் காலியிடம், இவைதான் சரி. தெருவிலிருந்தும் தெரியாது.

பேனல் வேலை செய்யும் விதமும் அலைநீளக் கதைதான். ஒளி சின்னச் சின்னப் பொட்டலமாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905-ல் சொன்னார். பொட்டலத்தின் ஆற்றல் அலைநீளம் குறையக் குறையக் கூடும். சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 1.1 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் உள்ள ஒளி வேண்டும். அதைவிட நீண்ட அலை எவ்வளவு விழுந்தாலும் மின்சாரம் வராது, சூடுதான் மிஞ்சும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1954-ல் சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டியபோது விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமானது. இன்று கடையில் கிடைப்பது இருபதைத் தாண்டிவிட்டது. செட்டிநாட்டு வெயில் பேனலுக்கு நல்லது, செட்டிநாட்டுச் சூடு நல்லதில்லை: இருபத்தைந்து டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் விளைச்சல் 0.35 சதவீதம் போலக் குறைகிறது. சித்திரை மதியம் பேனல் அறுபது டிகிரிக்குப் போகும். எட்டில் ஒரு பங்கு அதிலேயே போச்சு. எனவே தளத்தோடு ஒட்டிப் போடாமல் அடியில் காற்றோட இடம் விடச் சொல்லுங்கள். காரைக்குடி நில நடுக்கோட்டுக்கு வடக்கே பத்து டிகிரியில் இருப்பதால் தெற்குப் பார்த்துப் பத்து டிகிரிச் சாய்வு போதும். மழை அழுக்கைக் கழுவவும் அது உதவும்.

மூன்று கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத முந்நூறு சதுர அடி வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு யூனிட், இரண்டு மாதப் பில் கணக்கில் எழுநூற்றுச் சொச்சம் யூனிட் எதிர்பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். வருடத்தில் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடானாலும் பேனல் சும்மா இருக்காது. அதன் மின்சாரம் நெட் மீட்டர் வழியே தெருவுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வாரியக் கரண்ட் நின்றால் சாதாரண சோலார் இணைப்பும் நின்றுவிடும். இன்வெர்ட்டர் வாரியத்தின் அலையோடு, நொடிக்கு ஐம்பது ஊசல், இம்மியும் பிசகாமல் காலொத்து நடக்க வேண்டும். அந்த அலை அற்றுப்போனால் கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிருக்காகத் தானே அணைந்துவிடும். கரண்ட் இல்லாதபோதும் விளக்கும் கேமராவும் ஓட வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும்.

காற்றாலை கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: வேண்டாம். காற்றின் வேகம் பாதியானால் விளைச்சல் எட்டில் ஒன்றாகிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் உள்ள காற்று நமக்கு இல்லை. நமக்கு வாய்த்தது வெயில். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது இந்த வெயிலை நம்பித்தான்.

மேலே பேட்டரி பற்றிச் சொன்னதால் உங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் முடியாது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பேட்டரி ஆராய்ச்சி சிக்ரியின் முக்கிய வேலைகளில் ஒன்று. ஊருக்கு அவ்வளவு பெரிய ஆய்வகத்தைக் கொண்டுவந்த மரபில் வந்தவர்கள், வீட்டு முற்றத்தைப் பற்றி முடிவெடுக்க ஷீட் வியாபாரியை மட்டும் கேட்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

சரி, குரங்குக்கு என்ன செய்வது? கம்பி வலை போடுங்கள். மூன்று மில்லிமீட்டர்க் கம்பியை ஒலி பொருட்படுத்தாது. வெளிச்சம் கொஞ்சம்தான் குறையும். பத்து மைக்ரோமீட்டர் வெப்ப அலைக்கு வலைக்கண் வாசல்போலப் பெரிது. குரங்கும் புறாவும் மட்டும் வெளியே நிற்கும். திருடனுக்கு வலையின் கீழ் இரும்பு கிரில். சாரலுக்குத் தாழ்வாரத்துத் தூண்களுக்கு இடையே மூங்கில் தட்டியோ கித்தானோ சுருட்டிக் கட்டி, மழை வந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். கல்யாண நாளில் மழை மிரட்டினால் அன்றைக்கு மட்டும் கீற்றுப் பந்தல். கீற்று ஒலியை விழுங்கும், வெக்கையையும் தாங்கும். இத்தனைக்குப் பிறகும் நிரந்தரக் கூரைதான் வேண்டும் என்று ஒரு பங்காளி பிடிவாதம் பிடித்தால், ஓட்டு விளிம்பிலிருந்து மூன்றடி உயர்த்தி நாலு பக்கமும் திறந்து போடுங்கள். காற்றாவது வெளியேறும். சத்தம் முழுசாகச் சரியாகாது.

நான் சொன்னதை நம்ப வேண்டாம். ஊருக்கு வரும்போது திறந்த வளவு ஒன்றில் நடுவே நின்று பலமாக ஒரு கை தட்டுங்கள். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு ஷீட் போட்ட வளவில் அதே மாதிரி. இரண்டையும் பங்காளிகள் வாட்ஸாப் குழுவில் போடுங்கள். வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கணக்கை அவர்களிடம் கொடுங்கள். தங்கள் வீட்டு அளவுகளை வைத்துப் போடட்டும்.

ஷீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதே கடையில் கம்பி வலையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவன்